அழைக்காமல் வந்த இருநூறு பேர்

சான் பிளாசிடோ, இலோய்லோ மாகாணம்
செப்டம்பர் 27

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மைத்துனர் நொனாட்டோவுக்கு,

உன் அக்கா சால்வாவின் கணவன் தெலெஸ்ஃபோரோ எழுதிக்கொள்வது. கடவுள் கிருபையாலும், காலையில் இரண்டு மாலையில் ஒன்று என்று டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையாலும் நாங்கள் இருவரும் உடம்பளவில் நலம். மணிலாவில் நீயும் உன் மனைவி மக்களும், நீ வேலை பார்க்கிற இன்சூரன்ஸ் கம்பெனியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கம்பெனியின் சுகத்தைப் பற்றி எனக்கு அவ்வளவாகக் கவலை இல்லை. மரியாதைக்குக் கேட்டேன்.

"அத்தான், எங்க கம்பெனியையே கோர்ட்டுல தோற்கடிச்சுட்டீங்களாமே, ஆபீசுல எல்லாரும் என்னை ஒரு மாதிரியா பாக்குறாங்க" என்று நீ கைபேசியில் அனுப்பியிருந்தாய். அதற்குக் கைபேசியில் பதில் எழுத என் கட்டைவிரலுக்குப் பொறுமை கிடையாது. அதனால்தான் இந்தக் கடிதம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது எல்லாவற்றுக்கும் மூல காரணம் நீ. ஆறு வருடத்துக்கு முன்னால், நம் ஊர்த் திருவிழா அன்று, என் வீட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு கையில் முழுசாகச் சுட்ட லெச்சோன் பன்றியின் மொறுமொறுத் தோலும் இன்னொரு கையில் பாலிசித் தாளுமாக, "சும்மா கையெழுத்துப் போடுங்க அத்தான், எல்லாம் வழக்கமா இருக்குற வாசகம்தான்" என்று சொன்னது யார்? நான் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவன். பெயரில் ஓரெழுத்து பிசகினாலும் பிள்ளை பெற்ற தகப்பனைத் திருப்பி அனுப்பியவன். படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று ஊருக்கே பாடம் நடத்தியவன். அப்படிப்பட்டவன் அன்றைக்குப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். மச்சான் வந்திருக்கிறான், சோறு ஆறிக்கொண்டிருக்கிறது, அந்த நேரத்தில் பொடி எழுத்தில் பதினெட்டுப் பக்கம் படித்தால் மனுஷன் என்ன நினைப்பான்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருடத்துக்கு முந்தின வருடத் திருவிழா. உனக்கே தெரியும், அன்றைக்கு நம் ஊரில் எந்த வீட்டுக் கதவும் சாத்தியிருக்காது, எவன் வேண்டுமானாலும் நுழைந்து தட்டை எடுத்துக்கொண்டு உட்காரலாம். நம் வீட்டில் மட்டும் இருநூறு பேர் சாப்பிட்டார்கள். அதில் பாதிப் பேரை எனக்கு முகம் மட்டும் தெரியும், மீதிப் பாதியை அதுவும் தெரியாது. பக்கத்து ஊர்க்காரர்கள், அவர்களுடைய பக்கத்து ஊர்க்காரர்கள், பேருந்தை விட்டுவிட்டுப் பசியோடு நின்றவர்கள் எல்லாரும் உண்டு. மாலை நாலு மணிக்கு, என் பெரிய மகள் கத்தாரிலிருந்து வாங்கி அனுப்பிய கரோக்கி மிஷினில் தாசியோ பாடிக்கொண்டிருந்தான். தாசியோவை உனக்குத் தெரியாமல் இருக்காது. நம் பெரியவளுக்கு ஞானத்தகப்பன், பக்கத்துத் தெரு, கூரை வேலைக்காரன். குரல் கரகரப்பு, தைரியம் அதிகம். அவன் நாலாவது பாட்டின் நடுவில் இருந்தபோது, பந்தியில் சாப்பிட்டு எழுந்த, நல்ல சட்டை போட்ட இரண்டு பேர் வந்து மின்சார வயரைப் பிடுங்கினார்கள். கூட்டமே கை தட்டியது. தாசியோவை நிறுத்துவதற்காக நான்தான் ஆள் ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள். அந்த இரண்டு பேரும் என்னிடம் வந்து, "மேலத்தெருவுல மிஷின் இல்லையாம் ஐயா, ஒரு மணி நேரத்துக்குக் கேட்டாங்க" என்றார்கள். திருவிழா அன்றைக்கு நாற்காலி போகும், அண்டா போகும், மேசை விரிப்பு போகும், எல்லாம் ராத்திரிக்குள் திரும்பி வரும். கொடுக்கமாட்டேன் என்று சொன்ன வீடு உண்டா? நானே ஒரு பக்கம் பிடித்து, மூன்று சக்கர வண்டியில் ஏற்றிவிட்டு, இடிக்காமல் ஓட்டச் சொல்லி, போகிறவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று கல்தெரேத்தா கறியையும் பையில் கட்டிக் கொடுத்தேன். சால்வா அதில் ஒரு கரண்டி கூடவே போட்டாள். மேலத்தெருவில் எந்த வீட்டிலும் மிஷின் கேட்கவே இல்லை என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

உன் கம்பெனிக்கு எழுதினேன். மூன்று வாரம் கழித்து, வருத்தத்தோடு தொடங்கி வருத்தத்தோடு முடிகிற ஒரு கடிதம் வந்தது. நடுவில், பாலிசியின் பதினொன்றாம் பக்கத்தில் இருக்கிற வாசகத்தை எடுத்துப் போட்டிருந்தார்கள்: 'வீட்டுக்காரரின் அழைப்பின் பேரில் வீட்டுக்குள் வந்த எவரும் எடுத்துச் சென்ற பொருளுக்கு இழப்பீடு இல்லை.' வந்தவர்கள் உங்கள் விருந்தாளிகள், சாப்பிட்டிருக்கிறார்கள், கறி வேறு வாங்கிப் போயிருக்கிறார்கள், ஆகவே வருந்துகிறோம். மச்சான், மிஷின் போனதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. திருடனை நானே வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்ட மாதிரி ஒரு காகிதத்தில் எழுதி, அதில் முத்திரையும் குத்தியிருந்தார்களே, அதுதான் பொறுக்கவில்லை. கேஸ் போட்டேன்.

நம் ஊரில் வக்கீல் என்றால் அட்டர்னி காபலும் என்கிற ஒருத்திதான். என்னோடு படித்தவனின் மகள், முப்பத்தைந்து வயது, கெட்டிக்காரி. அவள் பாலிசியைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"அங்கிள், இந்தத் தாளை எழுதுனது யாரு? அவங்க. ஒரு வார்த்தை மாத்தச் சொல்ல உங்களால முடிஞ்சிருக்குமா? முடியாது. இஷ்டம் இருந்தா எடுத்துக்கோ, இல்லன்னா போன்னு குடுத்த தாள் இது. அப்ப ஒரு வாசகத்துல சந்தேகம் வந்தா, எழுதுனவங்களுக்குச் சாதகமா கோர்ட்டு படிக்காது, உங்களுக்குச் சாதகமாத்தான் படிக்கும். அதுலயும் காசு குடுக்க மாட்டோம்னு சொல்ற வாசகத்தை இன்னும் இறுக்கிப் பிடிச்சுத்தான் படிப்பாங்க."

அப்படியானால் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால் போதும் என்றாள். உண்மை என்ன? நான் யாரையும் அழைக்கவில்லை. யோசித்துப் பார், நம் ஊரில் திருவிழாவுக்கு யாராவது யாரையாவது அழைப்பதுண்டா? அழைத்தால் அல்லவா கோபித்துக்கொள்வார்கள், கூப்பிடாவிட்டால் வரமாட்டேன் என்றா நினைத்தாய் என்று. ஆக, இருநூறு பேரும் அழைக்காமல் வந்தவர்கள். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சந்தோஷமாக இரண்டு கோப்பை காபி குடித்தேன்.

போன மார்ச்சில் விசாரணை. உன் கம்பெனி சார்பில் அட்டர்னி தெஹேரோ என்று ஒரு பையன் மணிலாவிலிருந்து வந்திருந்தான். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன், நம் ஊர் வெயில்தான் அவனுக்குத் தெரியவில்லை, கோட்டு முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. முதலில் ஒரு புகைப்படத்தைக் காட்டினான். என் வீட்டுக் கேட்டுக்கு மேலே 'அனைவரும் வருக' என்று துணித் தோரணம். இது அழைப்பு இல்லையா என்றான். அது நகராட்சி தெரு முழுக்கக் கட்டியது, அதில் புனிதரைவிட மேயர் முகம்தான் பெரிதாக இருக்கிறது, அழைத்தது யார் என்று மேயரிடம் கேளுங்கள் என்றேன். நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். அப்புறம் கறிப்பைக்கு வந்தான். போகிறவர்களை வெறுங்கையோடு அனுப்புவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை என்றேன்.

"அவங்க வெறுங்கையோட போகலையே சார், கரோக்கி மிஷினோட போனாங்களே" என்றான்.

கோர்ட்டே சிரித்தது. வாசலில் நின்ற காவலாளிகூடச் சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்தான் அவன் அந்தக் கேள்வியைப் போட்டான். எனக்குச் சாட்சி சொல்ல தாசியோ வந்திருந்தான். மகள் கல்யாணத்துக்குத் தைத்த பாரோங் சட்டையைப் போட்டுக்கொண்டு, இடைவேளையில் எனக்குப் பசிக்குமே என்று வாழையிலையில் கட்டிய பசையரிசிப் பலகாரத்தோடு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தெஹேரோ அவன் பக்கம் கை காட்டி, "அவரு உங்க மகளோட ஞானத்தகப்பன். இருபத்தாறு வருஷமா ஒவ்வொரு திருவிழாவுக்கும் உங்க வீட்டுலதான் சாப்பாடு. அவரையாவது நீங்க கூப்பிட்டீங்களா, இல்லையா?" என்றான். நான் காபலுமைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள். பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். ஆம் என்றால், அவனைப் போலவே வந்த இருநூறு பேரும் அழைப்பின் பேரில் வந்தவர்கள் ஆகிவிடுவார்கள், கேஸ் போச்சு, அது பொய்யும்கூட. இல்லை என்றால்?

"கூப்பிடல" என்றேன்.

தாசியோ என்னைப் பார்க்கவில்லை, மேலே சுற்றாமல் நின்ற மின்விசிறியைப் பார்த்தான். அடுத்து அவனைக் கூண்டில் ஏற்றினார்கள். நீங்கள் அழைப்பின் பேரில்தானே போனீர்கள் என்று தெஹேரோ கேட்டதற்கு அவன் சொன்னதை எழுத்தர் அப்படியே பதிந்திருக்கிறார், என்னிடம் நகல் இருக்கிறது.

"இருபத்தாறு வருஷமா போறேன். கால் அது பாட்டுக்குப் போச்சு, நானும் போனேன். அதுக்கு அழைப்புன்னு ஒண்ணு வேணும்னும், அது எனக்குக் கிடைக்கலைன்னும் இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

என் கேஸுக்கு அதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது என்று காபலும் பிறகு சொன்னாள். அவன் கூண்டைவிட்டு இறங்கி, பலகாரப் பொட்டலத்தை வாசல் காவலாளி கையில் கொடுத்துவிட்டு, எனக்காக நிற்காமல் ஜீப்னி ஏறிப் போய்விட்டான்.

ஆகஸ்டில் தீர்ப்பு. பதினான்கு பக்கம். ஒவ்வொரு வரியாக, இந்தத் தடவை உண்மையிலேயே படித்தேன். ஒன்பதாம் பக்கத்தை மட்டும் உனக்குச் சொல்கிறேன், உன் மேனேஜருக்குப் படித்துக் காட்டு. பாலிசியை எழுதியவன் மனசுக்குள் என்ன வைத்திருந்தான் என்று பார்ப்பதில்லையாம், அதை வாங்கிய சாதாரண மனுஷன் என்ன புரிந்துகொள்வான் என்று பார்ப்பார்களாம். அந்த மனுஷன் சான் பிளாசிடோக்காரன் என்றால், சான் பிளாசிடோக்காரனின் நாற்காலியில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டுமாம். இந்த ஊரில் திருவிழா அன்றைக்கு ஒருவன் இன்னொருவன் வீட்டுக்குள் போவது வீட்டுக்காரன் சொல்லி அல்ல, ஊர் வழக்கம் சொல்லி. அழைப்பு என்றால் யாரென்று அறிந்து வரச் சொல்வது. போகிறவனுக்குக் கறி கொடுப்பது, வருகிறவனை அழைத்ததாக ஆகாது. 'அழைத்தோ அழைக்காமலோ உண்ண வந்தவர் எவரும்' என்று எழுதக் கம்பெனிக்குத் தெரியாமலா இருந்தது, மை தீர்ந்துவிட்டதா, எழுதாமல் விட்டது அவர்கள் பாடு. மை விஷயம் நான் சேர்த்தது, மற்றது எல்லாம் நீதிபதி அம்மாள். முடிவில் ஒரு வரி: 'வாதி தெலெஸ்ஃபோரோ சுமகாய்சாய் அன்றைய தினம் எவரையும் தம் வீட்டுக்கு அழைக்கவில்லை என இம்மன்றம் காண்கிறது.'

ஜெயித்துவிட்டேன். கொஞ்ச நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மச்சான், அந்தக் கடைசி வரி சந்தைக்கு எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. மீன்காரி, "நாளைக்கு உங்க தெருப் பக்கம் வரலாமா, இல்ல கோர்ட்டு அனுமதி வேணுமா?" என்கிறாள். முடிவெட்டுகிறவன் நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று, அழைக்காமல் வந்ததற்கு நன்றி என்கிறான். பாதிரியார் பூசை முடிவில், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லாரையும் அழைக்கிறேன், வாய் திறந்து அழைக்கிறேன், யாரும் பிறகு கேஸ் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். ஊர் கிண்டல் செய்தால் நாம் இன்னும் ஊரில் இருக்கிறோம் என்று அர்த்தம். தாசியோ கிண்டலே செய்யவில்லை. தினமும் நாலு மணிக்குப் பின்வாசல் வழியாக வந்து, பானையைத் திறந்து பார்த்து, காபி ஊற்றிக்கொள்கிறவன், மார்ச்சிலிருந்து வரவில்லை. வேலைக்குப் போகிறபோதுகூட நம் கேட்டைத் தாண்டக் கூடாது என்று வாய்க்கால் கரையைச் சுற்றிப் போகிறான். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு, அந்தச் சேற்றில். மாடி ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். உன் அக்கா நாலு மணிக்கு இன்னமும் மூன்று கோப்பைதான் எடுத்து வைக்கிறாள், பிறகு ஒன்றைத் திருப்பி வைக்கிறாள்.

இந்த நிலைமையில்தான் உன் கம்பெனியிடமிருந்து இரண்டு தபால். ஒன்று, மேல் நீதிமன்றத்துக்கு அப்பீல் போகிறார்களாம். இரண்டாவது, நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய புதிய பாலிசி. பதினொன்றாம் பக்கம் இப்போது இரண்டு பக்கமாக வளர்ந்திருக்கிறது. 'அழைத்தோ அழைக்காமலோ, தெரிந்தோ தெரியாமலோ, திருவிழா, திருமணம், ஞானஸ்நானம், துக்கம் ஆகிய எதன் பொருட்டோ, உண்ணவோ பருகவோ பாடவோ வந்த எவரும்.' பாடவோ என்பது தாசியோவுக்காகவே போட்டது போலிருக்கிறது. படித்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். அக்டோபர் ஐந்து திருவிழா. இந்த வருடம் நம் வீட்டில் பன்றி கிடையாது, பந்தி கிடையாது, கேட்டுக்குப் பூட்டு. கோர்ட்டே சொல்லிவிட்டது நான் யாரையும் அழைக்காதவன் என்று, அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன். இதைச் சால்வாவிடம் சொன்னபோது அவள் அரிசி புடைப்பதை நிறுத்தாமல், "நல்லதுங்க. ரெண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போடணும்னே மறந்துபோச்சு, கத்துக்குறேன்" என்றாள். பூட்டு தேடுகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

ஆகவே உன் மேனேஜரிடம் தெளிவாகச் சொல். அப்பீல் போகட்டும், அதற்கு மேலும் போகட்டும். தெலெஸ்ஃபோரோ தன் வாக்குமூலத்தில் ஓரெழுத்தையும் மாற்ற மாட்டான். யாரையும் அழைத்ததில்லை, அழைக்கவில்லை, அழைக்கப்போவதும் இல்லை. எத்தனை நீதிபதி கேட்டாலும் இதே பதில்தான். புதிய பாலிசியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், கையெழுத்துப் போடாமல், முழுக்கப் படித்துவிட்டு.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளைப் புனித பிளாசிடோ காப்பாற்றட்டும். சின்னவனுக்கு இருமல் நின்றதா என்று அக்கா கேட்கிறாள், இஞ்சியைத் தட்டிப் போட்டு வெந்நீர் கொடுக்கச் சொல்கிறாள். உனக்கு வேலையில் என்னால் கெட்ட பெயர் வந்திருந்தால் மன்னித்துக்கொள், என்ன இருந்தாலும் நீ எங்கள் பிள்ளை.

இப்படிக்கு,
உன் அத்தான்,
தெலெஸ்ஃபோரோ சுமகாய்சாய்
(ஓய்வு, பதிவு அலுவலகம்)

பின்குறிப்பு: மேலே இருப்பதை எழுதி மூன்று நாள் ஆகிறது. உறையை ஒட்டித் தபாலில் போடப் போனவன், தபால் அலுவலகத்துக்குப் போகாமல் தாசியோ வீட்டு முன்னால் நின்றேன். எப்படிப் போனேன் என்று கேட்காதே. அவன் வாசலில் ஆணி நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

"நான் கூப்பிட்டேனா?" என்றான்.

"இல்ல" என்றேன்.

"அப்ப சரி, உக்காரு."

உட்கார்ந்தேன். அவன் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். நான் ஏதேதோ சொன்னேன், சட்டம் என்றேன், வாசகம் என்றேன், பைபிள் மேல் கை என்றேன். அவன் ஆணியை வைத்துவிட்டுச் சொன்னான்: "பாருப்பா, எனக்குச் சட்டம் தெரியாது. நீ என்னைக் கூப்பிடலைன்னு கவர்மெண்ட் காகிதத்துல இருக்கு. என் பேரப்பய நாளைக்கு அதைப் படிப்பான். நீ வாயால சொல்றதெல்லாம் எனக்கு வேணாம். அதே மாதிரி ஒரு காகிதம் குடு, முத்திரையோட."

முத்திரை என்றால் நோட்டரி. நம் ஊரில் நோட்டரி அட்டர்னி காபலும்தான். வீட்டுக்கு வந்து, பதிவு அலுவலகக் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொண்டுபோனேன். 'தாசியோ பலோமாரெஸ் என்பவர் கடந்த இருபத்தாறு வருடங்களாக ஒவ்வொரு திருவிழாவுக்கும், இடைப்பட்ட எல்லா நாட்களிலும், என் அழைப்பின் பேரிலேயே என் வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் வாய் திறந்து சொல்லாதது என் தவறு. அவரும், அவரைப் போல வந்து உண்ட எல்லாரும், எனக்குத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும், என் விருந்தாளிகளே.' காபலும் அதை இரண்டு தடவை படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"அங்கிள், நோட்டரி பண்ணுன ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஒரு நகல் கோர்ட்டுக்குப் போகும். தெரியும்ல?"

முப்பத்தொரு வருடம் பதிவு அலுவலகத்தில் இருந்தவனுக்குத் தெரியாதா என்றேன். முத்திரையை மையில் அழுத்தி நன்றாகவே குத்தினாள், கட்டணம் வாங்க மறுத்துவிட்டாள். தாசியோ அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தான், 'என் தவறு' என்கிற இடத்தை மட்டும் மறுபடி படித்தான், நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான், திருவிழாப் பன்றிக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டான். இல்லை என்றதும் என்னைத் திட்டிக்கொண்டே, வாய்க்கால் கரைப் பக்கம் திரும்பாமல் நேராக நம் வீட்டு வழியாகப் பன்றிக்காரனைத் தேடிப் போனான்.

ஆகவே மச்சான், அப்பீலுக்கு உன் கம்பெனி செலவு செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடு. காகிதத்தின் இன்னொரு நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், என்னைத் தோற்கடிக்க அவர்களுக்கு இது ஒன்றே போதும். ஐந்தாம் தேதி உன் மேனேஜரையும் அந்த தெஹேரோ பையனையும் அழைத்துக்கொண்டு வா. இருவருக்கும் இதுவே என் அழைப்பு, எழுத்து மூலமாக.